குரல் மூன்று

ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தான்.

பதினான்கு நொடி. அவள் பேசாமல் இருந்த நேரம்.

அதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. கடைசியில் ‘மௌனம்’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டான்.

அவன் வேலை இதுதான். வக்கீல் ஹசீனா அனுப்பும் ஒலிப்பதிவுகளைக் கேட்டு, சொல் மாறாமல் தட்டச்சு செய்து தர வேண்டும். நிலத் தகராறு, விபத்து, விவாகரத்து. ஆறு வருடமாகச் செய்கிறான். எந்தக் குரலும் வேலை முடிந்தபின் அவனோடு தங்கியதில்லை.

இந்தப் பதிவில் பெயர்கள் இல்லை. குரல் ஒன்று வக்கீல். குரல் இரண்டு அவருடைய உதவியாளர். குரல் மூன்று அவள்.

ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டான்.

“விளம்பரப் படம்னுதான் கூட்டிட்டுப் போனாங்க. அப்ப எனக்கு இருபத்தஞ்சு வயசு. கையெழுத்து வாங்குன பேப்பர் முழுக்க இங்கிலீஷு. அங்க போனப்புறந்தான் என்ன படம்னு தெரிஞ்சுது. வேண்டாம்னேன். கேமராவ நிறுத்துனாங்க. விட்டுட்டாங்கன்னு நெனச்சேன். தண்ணி குடுத்தாங்க. அழுத எடத்துல பவுடர் போட்டாங்க. ‘இப்ப சிரி’ன்னாங்க. சிரிச்சாத்தான் கதவத் தெறப்பாங்கன்னு புரிஞ்சுபோச்சு. சிரிச்சேன்.”

அந்தச் சிரிப்பு அவனுக்குத் தெரியும்.

அவளுடையது என்றில்லை. அவளைப் பார்த்திருக்கிறானா என்றே அவனுக்குத் தெரியாது. பதினோரு வருடமாக இப்படிப்பட்ட படங்களைப் பார்த்து வருகிறான். எத்தனையோ முகங்கள். ஒன்றுகூட நினைவில் இல்லை.

ஒலியை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பான். அண்ணன் குடும்பத்தோடு இருக்கும் வீடு. சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணி காய் நறுக்கிக்கொண்டிருப்பாள்.

அந்தப் படங்களில் வரும் பெண்களில் ஒருத்தி பேசிக் கேட்பது இதுதான் முதல் தடவை.

“எடுத்தவங்க அஞ்சு பேரு. அவங்க மூஞ்சி தெரியும். அதனால பயமில்ல. பாத்தவங்க யாருன்னுதான் தெரியல. பேங்க்குல, ஆஸ்பத்திரியில யாராச்சும் கொஞ்ச நேரம் கூடுதலாப் பாத்தா, இவனும் பாத்திருப்பானோன்னு தோணும்.”

மௌனத்துக்குப் பிறகு அவள் குரல் ஒருமுறைகூட உடையவில்லை. தேதி சொன்னாள். தெரு சொன்னாள். தன்னை ஏற்றிப்போன வண்டியின் நிறம் சொன்னாள். எந்த இடத்திலும் தன்னைப் பாவமாகக் காட்டிக்கொள்ளவில்லை. ‘மத்த பொண்ணுங்களுக்கும் சேத்து எழுதிக்குங்க’ என்று முடித்தாள்.

ஆறு வருடத்தில் இப்படியொரு தைரியத்தை அவன் கேட்டதில்லை.

அன்றைக்கே செல்போனில் இருந்த அந்த மாதிரிப் படங்கள் எல்லாவற்றையும் அழித்தான். இரண்டு நிமிட வேலை.

ஒன்பதாம் நாள் மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. கை தானாகச் செல்போனுக்குப் போனது. பக்கம் திறந்தது. சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக வந்தன.

வாழ்க்கையில் முதல்முறையாக முகத்தைக் கவனித்துப் பார்த்தான்.

ஒருத்தியின் கண்ணுக்குக் கீழே பவுடர் திட்டுத்திட்டாக இருந்தது.

மூடினான். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கி, வெயிலில் வைகைப் பாலம் வரைக்கும் நடந்து திரும்பினான். மறுநாளும் நடந்தான். கை பரபரத்த நாளெல்லாம் நடந்தான்.

ஒரு மாதம் கழித்து வக்கீலைப் போனில் கூப்பிட்டான்.

“அந்த வீடியோவ நீக்கச் சொல்லி ஒவ்வொரு தளத்துக்கும் எழுதணும்னு பதிவுல சொல்லியிருந்தீங்கள்ல மேடம். அந்தக் கடிதமெல்லாம் நான் எழுதித் தர்றேன்.”

“என்ன திடீர்னு?”

சமூக சேவை என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார்.

“நானும் பாத்தவன்தான் மேடம். இவங்களயான்னு தெரியாது. பொதுவா. இப்பப் பாக்குறதில்ல.”



“அவங்ககிட்டச் சொல்லாம இத உங்க கையில குடுக்க முடியாது, பொன்னரசு. நீங்க சொன்னத அப்படியே சொல்லுவேன்.”

“சொல்லுங்க மேடம்.”

காது சுட்டது. ஆனாலும் வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை.

இரண்டு வாரம் பதில் இல்லை. மாட்டேன் என்று சொல்லியிருப்பாள், அதுவும் நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டான். அவள் சம்மதித்தாலும் மறுத்தாலும் அவன் நடக்க வேண்டிய தூரம் அதேதான்.

ஒரு காலையில் வக்கீலிடமிருந்து செய்தி வந்தது.

‘உண்மையிலேயே நிறுத்திட்டாரான்னு கேக்குறாங்க.’

‘ஆமாம்’ என்று தட்டினான்.

அழித்தான்.

‘ஒன்பதாம் நாள் ஒரு தடவை திறந்தேன். உடனே மூடிட்டேன். அதுக்கப்புறம் இல்லை. இன்னைக்கு ஐம்பத்து மூணாவது நாள்’ என்று எழுதி அனுப்பினான்.

அனுப்பிய பிறகு வெகுநேரம் செல்போனைக் கவிழ்த்தே வைத்திருந்தான்.

சாயங்காலம் பட்டியல் வந்தது. நூற்றுப் பதினேழு தள முகவரிகள். கூடவே வக்கீலின் ஒரு வரி. ‘செய்யட்டும்னு சொன்னாங்க.’

முதல் முகவரியைப் பார்த்ததும் விரல் நின்றது. தெரிந்த இடம். முதல் எழுத்தைத் தட்டினாலே மீதியைச் செல்போன் தானாக நிரப்பிய காலம் ஒன்று இருந்தது.

திறக்கவில்லை. முகவரியை மட்டும் எடுத்துக் கடிதத்தின் தலைப்பில் ஒட்டினான். கடிதத்தை எழுதினான். ஒரு தடவை படித்துப் பார்த்து அனுப்பினான்.

அடுத்ததற்கு வந்தான்.

இரண்டாவதும் அவனுக்குத் தெரிந்த இடம்தான்.