இரைச்சல் நின்ற செட்

பழவேற்காட்டில் காற்று ஏறிவிட்டது. அருணகிரி இன்னும் கடலில் இருந்தான். அவன் படகோடு பேச வீட்டில் வைத்திருந்த வயர்லெஸ் செட்டிலோ சத்தமே இல்லை.

“எப்பவும் சோன்னு இரைஞ்சிக்கினே இருக்குமே!” என்றாள் அவன் மனைவி கோவிந்தம்மா.

“பட்டனை அமுக்கிக் கூப்புடுக்கா,” என்றாள் பக்கத்து வீட்டு தேசம்மா.

“கூப்ட்டு, பதில் வரலன்னா?”

இருவரும் செட்டையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

திடீரென்று அருணகிரி நனைந்த உடம்போடு உள்ளே ஓடி வந்தான்.

“உசுரோட கீறியாமே!” என்றான் அவன். “படகு செட்டுல சத்தமே இல்ல. ஊட்ல இன்னா ஆச்சோன்னு வலையை அறுத்துப் போட்டுட்டு வந்தேன்.”

“ஒரு குரல் குடுத்திருக்கலாமில்ல?”

“நீ பேசலன்னா இன்னா பண்றதுன்னு பயந்துட்டேன்மே.”

அப்போது கைபேசி அடித்தது. காக்களூரில் ரேடியோ செட் செய்யும் கம்பெனியில் இன்ஜினியராக இருக்கும் மகள் அஸ்வினி.

“அம்மா, நேத்து சர்வீஸ் பண்ணிக் குடுத்த ரெண்டு செட்டும் எப்டிகீது? சும்மா இருக்கும்போது வர்ற இரைச்சலை அடைக்கிற ஸ்குவெல்ச் சர்க்யூட்டைப் போட்டுட்டேன். இனிமே பேசுனா மட்டுந்தான் சத்தம் வரும்!”

அருணகிரி கைபேசியை வாங்கினான்.

“கொஞ்சூண்டு இரைச்சலைத் திரும்பப் போட்டுக் குடு, கண்ணு,” என்றான்.