கொய்யாவின் குட்டிப் பாதம்

கடையின் குளிர்பெட்டிக்குள், வெண்பனியில் மிதப்பதுபோல் ஓர் ஆப்பிளும் ஒரு கொய்யாவும் கிடந்தன. ஒவ்வொன்றின்மேலும் ஒரு கறுப்புப் பாதம், அதன் கரித்தடம், ஒட்டியிருந்தது. பழம் கடைக்கு வந்து சேர வழியில் எவ்வளவு புகை கக்கப்பட்டதோ, அவ்வளவு பெரிய பாதம்.

ஆப்பிளை அதன் பாதம் பாதிக்குமேல் மூடியிருந்தது. “நான் கடல் தாண்டி வந்தவளாக்கும். வழியெல்லாம் அலைதான் தாலாட்டியது,” என்றது ஆப்பிள்.

“நான் பக்கத்துத் தோப்பிலிருந்து சைக்கிள் கூடையில் வந்தேன் அக்கா,” என்றது கொய்யா.

அன்று கோகுலாஷ்டமி. பழம் வாங்க வந்த பூரணி ஆப்பிளைத் தொட்டாள். பாதத்தைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டாள். கொய்யாவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “அடடா, வாசலில் மாவால் வைத்த கண்ணன் பாதம் மாதிரியே இருக்கே! நைவேத்தியத்துக்கு இது ஒன்று போதும்.”

“பார்த்தீர்களா அக்கா? குட்டிப் பாதம்தான் வீட்டுக்குள் போகும்,” என்று சொல்லிவிட்டுப் போனது கொய்யா.

வெளியே பூரணியின் பெரிய கார், உள்ளே குளிர்ந்திருக்கட்டும் என்று, அணைக்காமல் உறுமிக்கொண்டு நின்றது. ஓட்டும் பூரணிக்குப் பக்கத்துச் சீட்டில் கொய்யா மட்டும் உட்கார்ந்தது. புகை மேகம்போல் எழ, கார் அதில் மிதந்து போனது.

சிவப்பு விளக்கில் நின்றபோது கொய்யா குனிந்து தன்னைப் பார்த்தது. பாதத்தின் கட்டைவிரல் காம்புவரை வளர்ந்திருந்தது.