நான்காவது செயற்கைக்கோள்

பாலையில் வண்டி கவிழ்ந்த இடத்தில் நிழலும் இல்லை, தண்ணீரும் இல்லை. கிணறு எங்கே என்பது அந்தப் பழைய ஜிபிஎஸ் கருவிக்கு மட்டும்தான் தெரியும். அதில் பேட்டரியைப் பிடிக்கும் தகடு தளர்ந்துபோயிருந்தது. கொஞ்சம் குலுங்கினாலும் அணைந்துவிடும். மறுபடி தானே எரிந்து செயற்கைக்கோள்களை முதலிலிருந்து தேடத் தொடங்கும்.

"மண்ணுல வச்சுட்டு சும்மா இருங்க சுடலைமுத்தண்ணே. நாலு சாட்டிலைட்டு கிடைச்சாத்தான் வழி காட்டும்," என்றான் சர்வேயர் இருதயராஜ்.

டிரைவர் சுடலைமுத்துவுக்கு எந்த மெஷினையும் தட்டித்தான் பழக்கம். வண்டிக் கதவில் அதை ஓங்கி அடித்தார். திரை அணைந்தது.

"என்னை உக்கார வச்சுட்டு நீ மட்டும் போய்க் குடிக்கப் பாக்குறியாடா?" என்று கத்தினார்.

அவர் வண்டியிலிருந்து உருவிய ஜாக்கிக் கம்பி இருதயராஜின் வலது தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது.

திரை மறுபடி எரிந்து மூன்று செயற்கைக்கோள்களைக் காட்டியது. சுடலைமுத்து கம்பியைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் கருவியைத் தூக்கி உலுக்கினார்.

கம்பி தன் இடக்கைக்கு எப்படி வந்தது என்று இருதயராஜுக்குத் தெரியவில்லை. ஒரு அடி. இன்னொரு அடி. அவர் மல்லாந்து விழுந்தார். கருவி அவர் நெஞ்சின்மேல் வானத்தைப் பார்த்துக் கிடந்தது.

"அண்ணே," என்று பக்கத்தில் மண்டியிட்டான். "அண்ணே, தண்ணிக்குப் போவோம்ணே."

நான்காவது செயற்கைக்கோள் கிடைத்தது. கிணறு எழுநூறு மீட்டர். சிறு அசைவுக்கே அணைந்துவிடும் அந்தத் திரை, அவர் நெஞ்சின்மேல் அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது.