ஜொஹறாவின் இழுப்பு

ஒரு மூச்சின் விலை ஒரு தோடம்பழ இனிப்பு. ஜமால்தீன் முதலாளி மகளிடம் கேட்ட விலை அது. ஒன்பது வயது ஜொஹறா மசியவில்லை.

"ரெண்டு தாங்கோ வாப்பா. பலமா ஊதிறதெண்டால் கூலி கூட."

முல்லைத்தீவில் பலசரக்குக் கடை வைத்திருப்பவரின் பிள்ளை வேறெப்படிக் கதைக்கும்! இரண்டுக்கே முடிந்தது.

டொக்டர் தவராசாவின் மேசையில், கொழும்பிலிருந்து புதிதாக வந்த கருவி இருந்தது. மணிக்கூடு போல வட்ட முகம்; குழாயில் ஊதினால் முள் ஏறும். தொய்வு வருத்தம், அதாவது ஆஸ்துமா, இருந்தால் அவ்வளவாக ஏறாது. சனிக்கிழமை பள்ளிக்கூட ஓட்டப்போட்டி. ஜொஹறா ஓடலாமா என்பதை அந்த முள்தான் சொல்லவேண்டும்.

"ஓடக்கூடாதெண்டு எழுதித் தாங்கோ டொக்டர்" என்றார் ஜமால்தீன். "இவள் ஓடத் தொடங்கினாப் போதும், நான் பின்னால ஓடிப் பிடிக்கிறதுக்குள்ள கொர் கொர் எண்டு இழுப்புக் கேக்கும்."

"எனக்கு ஒண்டும் கேக்கிறேல்ல" என்றாள் ஜொஹறா.

"வாய் காட்டாதை. எப்பிடி ஊதிறதெண்டு வாப்பா காட்டிறன், பார்."

ஊதினார். முள் நூற்றுத் தொண்ணூறில் நின்றது.

"முள்ளு இறுகிக் கிடக்கு டொக்டர். இப்பிடியொரு தராசை நான் கடையில வச்சா சனம் விடுமோ?"

"இன்னும் ரெண்டு தரம் ஊதுங்கோ. மூண்டில கூடினதைத்தான் எடுக்கிறது."

நூற்று எண்பது. நூற்று எண்பத்தைந்து. டொக்டர் மூன்றையும், ஜொஹறாவின் பெயர் எழுதி வைத்திருந்த துண்டில் குறித்துக்கொண்டார்.

பிறகு ஜொஹறா கண்ணை இறுக மூடிக்கொண்டு ஊதினாள். முள் துள்ளிப்போய் இருநூற்றைம்பதில் நின்றது. மூன்று தரமும் அப்படித்தான்.

"இவளின்ர உயரத்துக்கு இது தாராளம்" என்றார் டொக்டர்.

"அவ்வளவு வராது டொக்டர். ஒரு நூற்றைம்பதெண்டு குறைச்சுப் போடுங்கோ. ரெண்டு பேருக்கும் நட்டமில்லை."

டொக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "நீங்க சும்மா ஒரு இடத்தில நிக்கேக்க, பிள்ளை ஓடினா அந்த இழுப்புக் கேட்டதோ?"

ஜமால்தீன் தாடியைச் சொறிந்தார். "நிண்டு பாத்ததில்லையே."

டொக்டர் துண்டை இழுத்து ஜொஹறாவின் பெயரை வெட்டினார். நூற்றுத் தொண்ணூறை வெட்டவில்லை.

"உங்கட முழுப் பேரைச் சொல்லுங்கோ, முதலாளி."