அணில் நிபுணர்

"பெண் அணில். வயசு ஆறு, ஏழு இருக்கும். இடது பக்கத்துப் பல்லு கொஞ்சம் மழுங்கியிருக்கு" என்றார் ரேஜான், ஓட்டை விழுந்த நீலக் குழாய்த் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி.

"கல்யாணம் ஆயிடுச்சான்னும் பார்த்துச் சொல்லு" என்றாள் அவர் மனைவி கிஸ்லேன், பன்றிக்கறியை நறுக்கிக்கொண்டே.

ரேஜானுக்கு இந்தக் கேலியெல்லாம் உறைக்காது. முப்பது வருடமாக மேப்பிள் பாகு காய்ச்சுகிறவர், இந்த மார்ச் மாதத்தில்தான் அணில் நிபுணர் ஆகியிருந்தார். மேப்பிள் மரத்துச் சாற்றைக் கொப்பரைக்கு இழுத்துவரக் காட்டில் மரத்துக்கு மரம் ஓடும் குழாய்களில் தினம் ஓர் இடத்தில் ஓட்டை. சாறெல்லாம் பனியில் வடிந்து போக, பம்பு வெறும் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. கொப்பரைக்கு வந்து சேர்ந்தது பாதிகூட இல்லை.

வேறு யாராவது என்றால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். ரேஜான் நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தார். ஊர்ச் சங்கத்தில் நாற்பது பேரைக் கூட்டி, படம் வரைந்து காட்டி, ஒன்றரை மணி நேரம் பேசினார். சாதாரண அணில் கண்ட இடத்தில் கடிக்குமாம். இது மூளையுள்ள அணிலாம், பெரிய குழாயாகப் பார்த்துத்தான் வாய் வைக்குமாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராதாம். நல்ல கத்தோலிக்க அணிலாக இருக்கும் என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, அதையும் நோட்டில் குறித்துக்கொண்டார்.

ஓட்டைகளைத் தேடிப்பிடித்து ஒட்டுவது கிஸ்லேனின் வேலை. பனிநடைக் கட்டையைக் காலில் கட்டிக்கொண்டு காட்டுக்குள் போனால் நேராக ஓட்டை இருக்கும் இடத்தில் போய் நிற்பாள். எல்லாம் தான் கொடுத்த பயிற்சி என்று ரேஜான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார்.

விறகு அடுக்குவது, கொப்பரை தேய்ப்பது, பாகை டப்பாவில் அடைப்பது எல்லாமும் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பாகு காய்ச்சும் கொட்டகைக்குக் காசு கொடுத்து விருந்து சாப்பிட வரும் எண்பது பேருக்கு விடிந்தது முதல் பொழுது சாயும்வரை அடுப்படியில் நிற்பாள். ரேஜான் கொப்பரை ஓரமாக நின்று பாகின் நிறத்தைப் பற்றி வந்தவர்களிடம் பேசுவார். பேசுவதும் வேலைதானே.

இருக்கிற இரண்டாயிரம் மரமே அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. அது போதாதென்று, பக்கத்துக் காட்டையும் வாங்கப்போவதாக அவர் பிப்ரவரியில் ஆரம்பித்தார். அதில் இன்னும் மூவாயிரம் மரம்.

"என் முட்டி தேஞ்சு போச்சு, ரேஜான். இதுக்கு மேல ஒரு மரம்கூட என்னால ஆகாது."

"நடந்தாத்தான் முட்டிக்கு நல்லதுன்னு டாக்டரே சொல்றார், கிழவி."

எந்த டாக்டர் என்று அவர் சொல்லவில்லை. அத்தோடு பேச்சு முடிந்துவிட்டது. திங்கட்கிழமை நோட்டரியிடம் கையெழுத்து என்று நாளும் குறித்தாயிற்று.

சனிக்கிழமை மதியம் பக்கத்துக் காட்டுக்காரர் ஃபெர்னான் வந்தார். எழுபத்தைந்து வயது. காட்டை விற்றுவிட்டு மாண்ட்ரியலில் இருக்கும் மகளோடு போய் இருந்துவிடலாம் என்று காத்திருப்பவர். கிஸ்லேன் அவருக்குப் பட்டாணி சூப் ஊற்றினாள். ரேஜான் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பெரியவரே, எனக்கு ஆசைதான். ஆனா இந்த அணில் விடாது போலிருக்கு. ரெண்டாயிரம் மரத்துலயே பாதி சாறு போச்சு. உங்களது ஒட்டின காடு. அதையும் வாங்கினா அணிலுக்கு நானே விருந்து வெச்ச மாதிரி ஆயிடும். என்னை மன்னிச்சிருங்க."

அடுப்புப் பக்கம் திரும்பி நின்ற கிஸ்லேன் மெல்ல ஏதோ பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தாள். அவள் பாடி ரேஜான் கேட்டு வருடக்கணக்கில் ஆகிறது. சூப் நன்றாக வந்துவிட்ட சந்தோஷம் போலும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஃபெர்னான் ரொட்டியைப் பிய்த்தபடி யோசித்தார். "என் காட்டுல அணில் தொல்லையே கிடையாதே தம்பி. நாலு வருஷமா ஒரு குழாய்லகூட ஓட்டை விழல."

பாட்டு நின்றது.

ரேஜான் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது எப்படி முடியும், அணிலுக்கு எல்லைக் கல் தெரியுமா என்று கேட்டார். முன்பு தொல்லை இருந்ததுண்டா என்றும் கேட்டார். இருபது வருடம் இருந்தது, மார்ச் பிறந்தாலே கடி ஆரம்பித்துவிடும் என்றார் ஃபெர்னான். ரேஜான் நோட்டை இழுத்து மேஜையில் விரித்து, பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டார்.

"என்ன பண்ணி விரட்டினீங்க? பொறி வெச்சீங்களா, மருந்து வெச்சீங்களா? அதை மட்டும் சொல்லிடுங்க. திங்கட்கிழமை காலையில முதல் ஆளா வந்து கையெழுத்துப் போடறேன்."

கிழவர் தலையைத் திருப்பினார். அடுப்போரம் ஒரு கையால் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற கிஸ்லேனைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு கரண்டியைக் கீழே வைத்தார்.

"நான் ஒண்ணும் பண்ணல தம்பி. என் பொண்டாட்டி செத்துப்போனா. அதோட அணில் வர்றது நின்னுபோச்சு."

ரேஜான் 'பொண்டாட்டி' வரைக்கும் எழுதிவிட்டார். அதற்குப் பிறகுதான் பென்சில் நின்றது.