துடியனும் கவுதாரியும்

துடியன் என்ற இளம் முயலுக்குச் சில நாளாகவே நெஞ்சு படபடத்துக்கொண்டிருந்தது. இலை அசைந்தாலும் நாய்தான் வருகிறது என்று நடுங்கியது. சாப்பிடாமல், தூங்காமல், வளைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது.

பக்கத்துப் புதரில் குடியிருந்த கவுதாரி ஒரு காலையில் எட்டிப் பார்த்தது. "தனியா இரை தேடப் போகப் பயமா இருக்குடா. கூட வர்றியா?"

"எனக்கும் பயம்தான்" என்றது துடியன்.

"அப்ப ரெண்டு பேரும் பயந்துக்கிட்டே போவோம்."

அன்று துடியன் வளை வாசலோடு திரும்பிவிட்டது. மறுநாள் வேலிவரை போனது. நாலாம் நாள் இளவெயிலில் இரண்டும் ஓடைவரை ஓடின. மூச்சு வாங்க நின்றபோது, "பயம் போயிடுச்சா?" என்று கேட்டது கவுதாரி.

துடியன் கொஞ்சம் யோசித்தது.

"போகல. ஆனா பயங்கரமா பசிக்குது" என்று சொல்லி அருகம்புல்லில் வாய் வைத்தது.