ஆடாமல் நில்

ஏழு மாதப் பிரிவுக்குப் பின், மறுபடி சேர்ந்து வாழ முடியுமா என்று பார்க்கத்தான் சௌந்தரியும் கணவன் நவநீதனும் அந்தக் காட்டு விடுதிக்கு வந்திருந்தார்கள். ஏரிக்கு நடந்துபோகும் வழியில் சௌந்தரியின் கெண்டைக்காலில் அட்டை ஒன்று கடித்துத் தொங்கியது. வழிகாட்டி மாரய்யன் உப்புப் பொட்டலத்தைப் பிரித்தார்.

“இருங்கண்ணே, கொஞ்சம் குடிக்கட்டும். படம் நல்லா வரும்.” நவநீதன் செல்போனை எடுத்தான். “ஆடாம நில்லுடி. மூஞ்சிய ஏன் உம்முன்னு வச்சிருக்க?”

அவள் ரத்தத்தைக் குடித்து அட்டை கறுப்புத் திராட்சைபோல உப்பியது. அருவருப்பில் உடம்பு கூசினாலும் நின்றாள். எடுத்த படத்தை அவன் காட்டினான். அதில் அவள் தன்னையறியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

உப்பை வாங்கித் தானே தூவிக்கொண்டாள்.

“அண்ணே, கீழ போக பஸ் எத்தனை மணிக்கு?”

“ஏரி இந்தா, பத்து நிமிஷந்தாம்மா.”

“பஸ்ஸ சொல்லுங்கண்ணே.”